மலையைக் கேட்கும் முன் மலைக்காரர்களிடம் வாருங்கள்

நிலத்துக்கடியில் ஆய்வகம் அமைத்து, ஈர்ப்பால் மட்டுமே தன் இருப்பைக் காட்டும் கரும்பொருளை (dark matter) தேட விரும்பும் இந்திய இயற்பியலாளர்களுக்கு,

வணக்கம்.

நான் கோத்தகிரி வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் 26 ஆண்டுகள் அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். என் மாணவர்களில் பாதிப் பேர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். மற்றவர்கள் சுற்றியுள்ள படகர் ஊர்களான ஹட்டிகளிலிருந்தும் இருளர் குடியிருப்புகளிலிருந்தும் நடந்து வருகிறவர்கள். உங்களிடம் கேட்க வேண்டிய ஒன்று பல ஆண்டுகளாக மனத்தில் கிடக்கிறது. அதைச் சொல்வதற்கு முன் ஒரு மீன்தொட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, பத்தாம் வகுப்புக்கு, நுண்துகள்கள் போகும் தடத்தைக் காட்டும் முகிற்கலம் ஒன்று செய்து காட்டினேன். உடைந்த மூடியுடன் கிடந்த பழைய மீன்தொட்டி, கறுப்புச் சாயம் அடித்த தகரத் தட்டு, ஆல்கஹாலில் நனைத்த கம்பளித் துணி, ஒரு டார்ச் விளக்கு. இவ்வளவுதான் பொருள்கள். உலர்பனிக்கட்டிக்குத்தான் கோவை வரை போக வேண்டியிருந்தது. தெர்மோகோல் பெட்டியில் வைத்து, பஸ் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கொண்டுவந்தேன். வரும் வழியிலேயே கால்வாசி ஆவியாகிவிட்டது. தொட்டியைக் கவிழ்த்து, தட்டுக்கு அடியில் பனிக்கட்டியைப் பரப்பி, ஜன்னல்களையெல்லாம் சாத்திவிட்டு உட்கார்ந்தோம். பத்து நிமிடம் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு தட்டின் மேல் மெல்லிய பனிமூட்டம் படிந்தது. அதற்குள் ஊசியால் கீறினாற்போல ஒரு வெள்ளைக் கோடு ஓடி, கண் இமைக்கும் முன் கரைந்தது. அடுத்து இன்னொன்று. தடித்துக் குட்டையாக ஒன்று, நேராக நீளமாக ஒன்று, புழு நெளிவதுபோல ஒன்று.

குட்டைக் கோடுகள் பெரும்பாலும் நம் மலைப்பாறையில் கசியும் ரேடான் என்ற கதிரியக்க வாயுவின் வேலை, நீளமான நேர்க்கோடுகள் வானத்திலிருந்து இறங்கும் மியூவான் என்ற நுண்துகள்கள் என்று சொன்னேன். கடல்மட்டத்திலேயே ஒவ்வொரு சதுர செ.மீ. இடத்திலும் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மியூவான் விழுகிறது. நாங்கள் மலைமேல் இருப்பதால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே விழும். உள்ளங்கையை நீட்டினால் நொடிக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் கையை நீட்டிப் பார்த்தார்கள். கொழுந்து பறிக்கும் தாயின் மகள் ஒருத்தி, தொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்: “கரும்பொருளும் இப்படிக் கோடு போடுமா, டீச்சர்?”

போடாது. அதனால்தான் அதைத் தேடுவது இத்தனை கடினம். அந்தக் கேள்விக்கு விடை சொல்லி முடிக்க எனக்கு மூன்று பாடவேளைகள் ஆயின. அந்த விடையைத் தமிழில் யாராவது முன்பே எழுதி வைத்திருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று அன்றிரவு ஏங்கினேன். இந்த மடலுக்கு வித்து அங்கே விழுந்தது.

உங்களுக்குத் தெரிந்ததைத்தான் சொல்லப்போகிறேன். ஆனாலும் ஒரு மலைப்பள்ளி வகுப்பில் அது எப்படிச் சொல்லப்பட்டது என்பதைக் கேளுங்கள். சூரியனுக்கு அருகில் உள்ள புதன் நொடிக்கு 47 கி.மீ. வேகத்தில் சுற்றுகிறது, தொலைவில் உள்ள நெப்டியூனுக்கு 5 கி.மீ. சொச்சம்தான். தள்ளிப் போகப் போக இழுப்பு குறைகிறது, வேகமும் குறைகிறது. விண்மீன் மண்டலங்களிலும் விளிம்பில் உள்ள விண்மீன்கள் மெதுவாகத்தானே போக வேண்டும்? வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் 1970-இல் ஆந்திரமேடா மண்டலத்தை அளந்து பார்த்தபோது வேகம் அப்படிக் குறையவில்லை. கோடை சீசனில் உதகையில் போடும் சங்கிலி ராட்டினத்தைப் பிள்ளைகளுக்கு நினைவூட்டினேன். அந்தச் சங்கிலியின் பலத்துக்கு மீறிய வேகத்தில் நாற்காலி சுற்றுகிறது, ஆனாலும் பிய்த்துக்கொண்டு போகவில்லை என்றால், நம் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு சங்கிலி அதைப் பிடித்திருக்க வேண்டும். விண்மீன்களுக்கு அந்தச் சங்கிலிதான் கரும்பொருள். 1933-இலேயே ஃபிரிட்ஸ் ஸ்விக்கி கோமா மண்டலக் கொத்தைப் பார்த்துவிட்டு இதையேதான் சொன்னார். அன்றைக்கு அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இன்றைய கணக்கில், பேரண்டத்தில் நாமும் நம் மலையும் விண்மீன்களும் சேர்ந்த சாதாரணப் பொருள் 5 விழுக்காடு. கரும்பொருள் ஏறத்தாழ 27 விழுக்காடு. மீதி கரும் ஆற்றல். கரும்பொருளின் துகள் ஒன்று புரோட்டானைப்போல நூறு மடங்கு எடை உள்ளது என்று வைத்துக்கொண்டால், நம் அருகே ஒரு லிட்டருக்கு மூன்று துகள் இருக்கும். பால் சொசைட்டிக்குக் கொண்டு போகும் தூக்குச்சட்டியில் எப்போதும் ஐந்தாறு இருக்கும் என்றேன். அவை நொடிக்கு 200 கி.மீ.-க்கு மேற்பட்ட வேகத்தில் நம்மைக் கடக்கின்றன. ஆனால் தொட்டியில் கோடு விழாது, நிழல் விழாது, ஒன்றும் விழாது.

பெயரிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. ‘கரும்பொருள்’ என்று கரும்பலகையில் எழுதியதும், எங்கள் தமிழாசிரியர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, “ஒற்றுப் பிழையா?” என்று கேட்டார். பிள்ளைகளுக்குத் திணை இலக்கணத்தில் வரும் கருப்பொருள்தான் தெரியும். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறை என்று குறிஞ்சியின் கருப்பொருளை ஒப்பிப்பார்கள். ஓர் எழுத்து மாறினால் பேரண்டத்தின் கால்வாசிக்கு மேல் வந்துவிடுகிறது. அதோடு, இந்தப் பொருள் கரியதும் இல்லை. கரி ஒளியை விழுங்கும். இதுவோ ஒளியைத் தொடுவதே இல்லை, கண்ணாடியைவிடத் தெளிவானது. சிலர் ‘இருண்ட பொருள்’ என்கிறார்கள், அதுவும் அதே தவற்றைத்தான் செய்கிறது. எந்தச் சொல்லை நிலைநிறுத்துவது என்று உங்களில் தமிழறிந்தவர்கள் ஆசிரியர்களோடு உட்கார்ந்து முடிவு செய்திருக்கலாம். அப்படி ஓர் அழைப்பு எங்கள் பக்கம் வந்ததே இல்லை.

ஒருமுறை, நான் பெயர் சொல்ல விரும்பாத ஓர் ஆய்வு நிறுவனத்திலிருந்து எங்கள் பள்ளிக்கு வந்தார்கள். நல்ல மனிதர்கள். மடிக்கணினியும் திரையும் கொண்டுவந்து ஒரு மணி நேரம் ஆங்கிலத்தில் பேசினார்கள். பிள்ளைகள் கைகட்டி அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். அந்த அமைதியைக் கவனம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். முடிவில் ஒரு பிள்ளைகூடக் கேள்வி கேட்கவில்லை. மீன்தொட்டியைச் சுற்றி நின்று முண்டியடித்துக் கேட்ட அதே பிள்ளைகள்தான்.

இப்போது பாறைக்கு வருகிறேன். நீங்கள் ஏன் மலையைக் கேட்கிறீர்கள் என்பது அந்தத் தொட்டியைப் பார்த்த எங்கள் பிள்ளைகளுக்கு நன்றாகவே புரியும். கரும்பொருள் துகள் ஒன்று உங்கள் கருவிக்குள் ஓர் அணுக்கருவை இடிப்பது, நடந்தால், ஆண்டுக்குச் சில முறைதான். மியூவான்கள் ஓயாமல் கொட்டுகிற இடத்தில் அதைக் கேட்க முயல்வது, தகரக்கூரையில் அடைமழை பெய்யும்போது குண்டூசி விழும் ஓசையைக் கேட்பதற்குச் சமம். அதனால் கூரையைத் தடிப்பாக்க வேண்டும். இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கடியில் 1,400 மீட்டர் பாறை அந்த மழையைப் பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிடுகிறது. அமெரிக்காவில் தெற்கு டகோட்டாவின் பழைய தங்கச் சுரங்கத்தில் ஏறத்தாழ ஒன்றரை கி.மீ. ஆழத்தில் செனான் வாயுவைக் குளிர்வித்துத் திரவமாக்கி, 10 டன் வைத்துக்கொண்டு எல்செட் (LZ) என்ற குழு காத்திருக்கிறது. சீனாவின் ஜின்பிங் மலைக்கடியில் 2,400 மீட்டர். செனானில் ஒரு துகள் இடித்தால் சின்ன ஒளிப்பொறி தோன்றும். அதற்காகத்தான் இத்தனை பேரும் இருட்டில் கண்விழித்திருக்கிறார்கள்.

தங்கச் சுரங்கம் என்றதும் எங்களுக்குக் கோலார் நினைவுக்கு வரும். வடாற்காட்டிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் போன தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக இறங்கி உழைத்த சுரங்கம் அது. அங்கே 2 கி.மீ.-க்கும் கீழே, 1965-இல், வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோ என்ற, எதையும் ஊடுருவிப் போகும் நுண்துகளை உலகில் முதன்முதலாகக் கண்டவர்களில் நம்மவர்கள் இருந்தார்கள். 1970-களில் அதே சுரங்கத்தில் விளக்க முடியாத சில தடங்கள் பதிவாயின. ‘கோலார் நிகழ்வுகள்’ என்று அவற்றுக்குப் பெயர். நிலையற்ற கரும்பொருள் துகள் சிதைந்ததால் அவை தோன்றியிருக்கலாமோ என்று எம்.வி.என். மூர்த்தியும் ஜி. இராஜசேகரனும் 2014-இல் வெளியான கட்டுரையில் கேட்டார்கள். பெரிய நிலத்தடிக் கருவி வந்தால் அதைச் சோதித்துவிடலாம் என்றும் சொன்னார்கள். கோலார்ச் சுரங்கமோ 2001-இல் மூடப்பட்டு நீரில் மூழ்கிவிட்டது. இந்தக் கதையை எத்தனை தமிழ்ப் பிள்ளைகள் அறிவார்கள்? நானே ஐம்பது வயதைத் தாண்டித்தான் அறிந்தேன். அறிந்த நாளில் ஒரு பக்கம் பெருமை, இன்னொரு பக்கம் ஆற்றாமை.

அந்தப் பெரிய கருவிக்காக, அதாவது இந்திய நியூட்ரினோ ஆய்வகத்துக்காகத்தான், முதலில் எங்கள் மாவட்டத்தில் மசினகுடி அருகே சிங்காராவைத் தேர்ந்தெடுத்தீர்கள். 50,000 டன் காந்த இரும்பு. முதுமலையை ஒட்டிய காடு, யானைகள் இடம்பெயரும் வழி. 2009 நவம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதி மறுத்தது. அந்த மறுப்பு சரி என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். அறிவியலை நேசிக்கிற நான் இதைச் சொல்வது உங்களுக்கு வருத்தம் தரலாம். மசினகுடிச் சாலையில் இரவில் ஒரு யானைக் கூட்டம் குட்டிகளை நடுவில் விட்டுக் கடப்பதை, வண்டியின் விளக்கை அணைத்துவிட்டு முக்கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தச் சாலையில் ஆண்டுக்கணக்கில் கனரக லாரிகள் இரும்பை ஏற்றிக்கொண்டு போவதை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. நியூட்ரினோவுக்கு வேறு பாறை கிடைக்கும், யானைக்கு வேறு வழி கிடைக்காது.

பிறகு தேனி மாவட்டம் பொட்டிபுரம். 2015-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. வழக்குகள் தொடர்ந்தன. 2022-இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் தன் எதிர்ப்பைப் பதிவு செய்தது. அந்தப் போராட்டக் காலத்தில் இரண்டு வகைப் பேச்சு கலந்து ஓடியது. மலையைக் குடையும் வெடி, தூசி, நீரூற்று, மேய்ச்சல் நிலம், காடு இவை பற்றிய அச்சம் ஒன்று. நியூட்ரினோ வந்து ஊரையே அழித்துவிடும் என்ற அச்சம் இன்னொன்று. முதலாவது மலையோரம் வாழ்கிறவர்களின் நியாயமான கேள்வி. இரண்டாவது உண்மையில்லை. சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் நம் உடலின் ஒவ்வொரு சதுர செ.மீ.-ஐயும் நொடிக்கு 6,000 கோடிக்கு மேல் கடந்துகொண்டே இருக்கின்றன. ஆய்வகம் அவற்றை உண்டாக்கப் போவதில்லை, எண்ணத்தான் போகிறது. என் வகுப்பில் இதைத் தெளிவாகச் சொன்னேன். என் உறவினர்களிடமும் சொன்னேன், சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். உங்களில் பலர் ஊர் ஊராகப் போய்ப் பேசினீர்கள் என்பதையும் அறிவேன். ஆனால் எங்களைப் போன்றவர்களின் காதுக்கு அது எட்டியபோது இடம் முடிவாகிவிட்டிருந்தது. பெண்ணுக்கு மாப்பிள்ளையை நிச்சயித்துவிட்டு, “உனக்குச் சம்மதமா?” என்று கேட்பதுபோல இருந்தது. அதற்குப் பிறகு என்ன பேசினாலும் அது சமாதானம் சொல்வதாகத்தான் காதில் விழும். இரண்டாவது வகை அச்சம் அந்த இடைவெளியில்தான் வேர்விட்டது.

இப்போது நீங்கள் மீண்டும் ஆழமான பாறையைத் தேடுகிறீர்கள். ஜார்க்கண்டின் ஜாதுகுடா யுரேனியம் சுரங்கத்தில் 555 மீட்டர் ஆழத்தில் 2017 முதல் ஒரு சிறிய ஆய்வகம் இருக்கிறது. அங்கே கரும்பொருள் தேடலும் நடக்கிறது. ஆனால் 555 மீட்டர் கூரை போதாது என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். என்றாவது ஒரு நாள் மேற்குத் தொடர்ச்சி மலையின் கருங்கல்லைக் கேட்டு மறுபடியும் வருவீர்கள். நீலகிரியோ பழனி மலையோ, எதுவாகவும் இருக்கலாம். அந்த நாளுக்காகத்தான் இந்த மடல்.

இடத்தைக் குறிக்கும் முன்பே வாருங்கள். வரைபடத்தில் பேனா படாத நேரத்தில் கிராம சபையில் வந்து உட்காருங்கள். எந்த மலைகள் பரிசீலனையில் உள்ளன, எத்தனை டன் கல் வெளியே வரும், அது எங்கே கொட்டப்படும், தண்ணீர் எங்கிருந்து எடுக்கப்படும், எத்தனை லாரிகள், எத்தனை ஆண்டுகள் என்பதையெல்லாம் தமிழில் எழுதி, ரேஷன் கடை வாசலில் ஒட்டும் அளவுக்கு எளிமையாகக் கொடுங்கள். “இந்த மலை வேண்டாம்” என்று சபை சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். காட்டை அறிந்தவர்கள், யானை எந்த மாதம் எந்தப் பக்கம் இறங்கும் என்று தேதியோடு சொல்லக்கூடியவர்கள், அந்தச் சபையில் இருப்பார்கள். அவர்களிடம் நீங்கள் கற்க வேண்டியதும் உண்டு.

அதைவிட முக்கியமாக, கிடைக்காமலும் போகலாம் என்பதை மறைக்காதீர்கள். அரசிடம் பணம் கேட்கும்போது கண்டுபிடித்துவிடுவோம் என்று சொல்லத் தோன்றும். எங்களிடம் அப்படிச் சொல்ல வேண்டாம். நாற்பது ஆண்டுகளாகத் தேடுகிறார்கள், இன்னும் கையில் சிக்கவில்லை என்பதைக் கேட்டபோது என் மாணவர்கள் சலித்துக்கொள்ளவில்லை, கண்கள் விரிந்தன. இத்தாலியின் டாமா குழு சோடியம் அயோடைடு படிகங்களில் பொறிகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் ஏறி இறங்குவதைப் பார்த்ததாக இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சொல்லிவருகிறது. பூமி ஜூனில் சூரியனோடு ஒரே திசையில் ஓடுவதால் கரும்பொருள் காற்று வேகமாக முகத்தில் அடிக்கும், டிசம்பரில் தணியும். இதைச் சொன்னபோது ஒரு பையன், “ஜூன் சாரலில் நடக்கும்போது குடையை முன்னால் சாய்ப்போமே, அதுபோலவா?” என்றான். அதேதான். ஆனால் அதே வகைப் படிகத்தை வைத்துக் கொரியாவிலும் ஸ்பெயினிலும் பார்த்தவர்களுக்கு அந்தச் சாரல் தெரியவில்லை. செனான் ஒன்-டி குழு 2020-இல் எதிர்பாராத கூடுதல் பொறிகளைக் கண்டது. புதுத் துகளாக இருக்கலாம், கலந்துவிட்ட டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜனாகவும் இருக்கலாம் என்று இரண்டையும் சொன்னது. 2022-இல் அவர்களே இன்னும் சுத்தமான கருவியால் பார்த்து, ஒன்றும் இல்லை என்று வெளியிட்டார்கள். அந்த ‘ஒன்றும் இல்லை’யைப் பற்றி ஒரு முழுப் பாடவேளை பேசினோம். தாங்களே கட்டிய நம்பிக்கையைத் தாங்களே இடிக்கத் துணிந்தவர்கள் என்று அவர்கள்மேல் பிள்ளைகளுக்கு மரியாதை வந்தது. “ஒருவேளை புவியீர்ப்பு விதியே தவறாக இருந்தால்?” என்றும் ஒருவன் கேட்டான். 1983 முதல் அப்படியும் ஒரு சாரார் கேட்டு வருகிறார்கள் என்றேன். துள்ளிக் குதித்தான்.

இன்னொன்றையும் அவர்களுக்கு எளிதாகச் சொல்ல முடிந்தது. கருவிகள் கூர்மையாகக் கூர்மையாகச் சூரிய நியூட்ரினோக்களே செனானில் இடித்துப் பொறி உண்டாக்கத் தொடங்கிவிட்டன; 2024-இல் சீனக் குழு ஒன்றும் இத்தாலியில் உள்ள செனான் குழுவும் அதன் முதல் அடையாளங்களை அறிவித்தன. கரும்பொருளின் பொறியையும் இதையும் பிரித்தறிவது கடினம். இயற்பியலாளர்கள் இதை ‘நியூட்ரினோ மூடுபனி’ என்கிறார்கள். மூடுபனி என்றால் என்னவென்று கோத்தகிரிப் பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

கடைசியாக உதகை ஆய்வகத்தில் உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு சொல். 2,200 மீட்டர் உயரத்தில் விண்ணிலிருந்து வரும் கதிர்களை எண்ணும் உங்கள் கிரேப்ஸ்-3 கருவிகள் நிற்கின்றன. துகள் பட்டால் மினுங்கும் ஒளிமினுக்கிகள் சுமார் 400, 560 சதுர மீட்டர் மியூவான் தொலைநோக்கி. 2014 டிசம்பர் 1 அன்று எங்கள் தலைக்கு மேல் திரண்ட இடிமேகத்தில் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்தது என்று மியூவான்களின் எண்ணிக்கை குறைந்ததை வைத்தே கணக்கிட்டீர்கள். அந்த இடியை நாங்கள் வீட்டில் அமர்ந்து கேட்டிருப்போம். கணக்கிட்ட செய்தியோ 2019-இல் வெளிநாட்டு இதழ்கள் வழியாகத்தான் எங்களுக்கு வந்து சேர்ந்தது. முத்தோரையில் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியை மலைச்சரிவின் சாய்வையே பயன்படுத்தி 1970-இல் நிறுவினார் வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப். மலை உங்களுக்கு நிறையத் தந்திருக்கிறது. ஒளிமினுக்கிகளை உதகையிலேயே செய்கிறீர்கள் அல்லவா? அவற்றில் சிறியதாக ஒன்றை, ஓர் எண்ணியோடு சேர்த்து, ஒவ்வொரு வட்டத்திலும் ஓர் அரசுப் பள்ளிக்குக் கொடுங்கள். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் திருக்குறளுக்கும் செய்திக்கும் அடுத்து, நேற்று எத்தனை மியூவான் விழுந்தது என்று ஒரு பிள்ளை வாசிக்கட்டும். இடி இடித்த நாளில் எண்ணிக்கை மாறியதா என்று அவர்களே தேடிப் பார்ப்பார்கள். பத்து ஆண்டு கழித்து நீங்கள் பாறை கேட்டு வரும்போது, கிராம சபையில் எழுந்து நிற்பவர்களில் இவர்களும் இருப்பார்கள். உங்களை எதிர்த்துப் பேசினாலும், எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று அறிந்து பேசுவார்கள்.

மீன்தொட்டி இப்போது என் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. மூடிக்குப் புதுக் கண்ணாடி போட்டாயிற்று. ஜனவரியில் உறைபனி விழும் நாட்களில் மறுபடி ஓட்டலாம் என்று பழைய மாணவர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். உங்களில் யாராவது வர முடிந்தால் வாருங்கள். தமிழில் பேசுங்கள், தடுமாறினாலும் பரவாயில்லை. கோவையிலிருந்து வருகிறவராக இருந்தால், உலர்பனிக்கட்டி ஐந்து கிலோ வாங்கி வாருங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை ஒருவர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்